நெல்லையிலிருந்து ராக் கச்சேரிக்குப் போய்வர: டிக்கெட், ரயில், ஆவணம், செலவு

பெரிய ராக் குழு எதுவும் திருநெல்வேலிக்கு வந்து வாசிக்கப்போவதில்லை என்பது நமக்குத் தெரிந்ததுதான். மேடையில் அவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் பெங்களூருக்கோ மும்பைக்கோ நாம்தான் போக வேண்டும். 2025 மே 17 அன்று மும்பை மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்தில் கன்ஸ் அன் ரோசஸ் குழு வாசித்தபோது நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். பாளையங்கோட்டையிலிருந்து புறப்பட்டு அந்த மைதானத்தின் வாசலைத் தொடுவதற்குள் நான் வரிசையாகச் செய்த பிழைகளை மற்றவர்களும் செய்ய வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இது குறித்துக் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் அந்தந்த நகரத்தில் குடியிருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆட்டோ பிடித்து மைதானத்துக்குப் போய், இரவே வீடு திரும்பிவிடுகிற ஒருவருக்கு ரயில் முன்பதிவின் அறுபது நாள் கணக்கும் ஆதார் அட்டையில் உள்ள முன்னெழுத்தும் ஒரு பொருட்டே அல்ல. நமக்கோ பாதி வேலை அவற்றில்தான் இருக்கிறது.

1. முதலில் ஊரையும் மைதானத்தையும் பாருங்கள்

வெளிநாட்டுக் குழு இந்தியாவுக்கு வந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நகரங்களோடு முடித்துக்கொள்ளும். பெங்களூரும் மும்பையும் இரண்டுமே பட்டியலில் இருந்தால், யோசிக்காமல் பெங்களூரைத் தேர்ந்தெடுங்கள். நாகர்கோவிலிலிருந்து பெங்களூருக்குப் போகும் இரவு ரயில் நம் ஜங்ஷன் வழியாகத்தான் செல்கிறது. ஆம்னி பேருந்துகளுக்கும் குறைவில்லை. ஒரே ஒரு நாள் விடுப்பில் போய்வந்துவிடலாம். மும்பை என்றால் ரயிலில் போவதற்கு மட்டுமே ஒன்றரை நாள் ஆகும். எனவே, எப்படிக் கணக்கிட்டாலும் நான்கைந்து நாள் விடுப்பு வேண்டும்.

விளம்பரத்தில் இருக்கும் ஊர்ப் பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். கோல்ட்பிளே குழு 2025 ஜனவரியில் மும்பையில் வாசித்தது என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் அது நவி மும்பை நெரூலில் உள்ள டி.ஒய். பாட்டீல் மைதானம். அங்கே போக ஹார்பர் வழித்தட மின்ரயிலில் ஏற வேண்டும். மகாலட்சுமி மைதானமோ மேற்கு வழித்தடத்தில், அதே பெயருள்ள நிலையத்தின் அருகிலேயே இருக்கிறது. இரண்டையும் "மும்பை" என்று நினைத்து அறை எடுத்தால், கச்சேரி நாளன்று பாதிப் பொழுது மின்ரயிலிலேயே கழிந்துவிடும். பெங்களூரிலும் பல நிகழ்ச்சிகள் நகருக்கு வெளியே வெகு தொலைவில் நடக்கின்றன. மைதானத்தின் பெயரை வரைபடத்தில் போட்டு, அருகில் உள்ள ரயில் அல்லது மெட்ரோ நிலையம் எது, அங்கிருந்து நடக்கும் தூரம் எவ்வளவு என்பதைக் குறித்துக்கொண்ட பிறகு மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.

இதுவரை எந்தக் கச்சேரிக்கும் போனதில்லை என்றால், எடுத்த எடுப்பில் மும்பைக்குக் கிளம்ப வேண்டாம் என்பது என் கருத்து. கேரளத்தின் அவியல், தைக்குடம் பிரிட்ஜ், பெங்களூரின் அகம் போன்ற குழுக்கள் கேரளத்திலும் சென்னையிலும் அடிக்கடி வாசிக்கின்றன. சென்னை ஐஐடியின் சாரங் விழா ஜனவரியில் நடக்கிறது. அவற்றுள் ஒன்றுக்குப் போய்வந்தால், நான்கு மணி நேரம் நின்றுகொண்டே கேட்பது உங்களால் முடிகிற காரியமா என்பது குறைந்த செலவில் தெரிந்துவிடும்.

2. விற்பனைக்கு ஒரு வாரம் முன்பே முடிக்க வேண்டியவை

பெரிய நிகழ்ச்சிகளின் டிக்கெட்டுகள் பெரும்பாலும் புக்மைஷோ, டிஸ்ட்ரிக்ட் ஆகிய இரண்டு செயலிகளில் ஏதேனும் ஒன்றில்தான் விற்கப்படுகின்றன. எந்தச் செயலி என்பதைக் குழுவின் அதிகாரபூர்வப் பக்கத்திலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் விளம்பர இணைப்பைத் தொட வேண்டாம். கணக்கைத் தொடங்கி, கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் சரிபார்த்து, வீட்டு முகவரியைப் பின்கோடுடன் பதிந்து வையுங்கள். சில நிகழ்ச்சிகளுக்கு அச்சிட்ட டிக்கெட்டோ, மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கைப்பட்டையோ கூரியரில் வரும். அந்த முகவரியில் பகல் நேரத்தில் வாங்கிக்கொள்ள ஆள் இருக்க வேண்டும். பகலில் பூட்டிக் கிடக்கும் வீடாக இருந்தால், வேலை செய்யும் இடத்து முகவரியைக் கொடுப்பது நல்லது.

அடுத்து பெயர். இது தமிழர்களுக்கே உரிய சிக்கல். ஆதாரில் முன்னெழுத்து முன்னால் இருக்கும். வங்கி அட்டையில் அதே எழுத்து பின்னால் போயிருக்கும். செயலியோ "முதற்பெயர், குடும்பப்பெயர்" என்று இரண்டு கட்டங்களைக் காட்டி இரண்டையும் நிரப்பினால்தான் அடுத்த பக்கத்துக்கு விடும். நாம் அந்த நேரத்து அவசரத்தில் அப்பா பெயரை முழுதாக எழுதிவிடுவோம். வாசலில் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் ஒப்பிடும் இளைஞர் வேறு மாநிலத்தவர். முன்னெழுத்து என்பது தந்தையின் பெயர் என்று அவருக்கு நாம் விளக்கிப் புரியவைக்க வேண்டியிருக்கும். எனக்கு அதற்குப் பத்து நிமிடம் ஆனது. ஆதாரில் உள்ளது உள்ளபடியே எழுதுங்கள்: பெயர் முதற்கட்டத்தில், அந்த ஒற்றை எழுத்து இரண்டாம் கட்டத்தில். ஒற்றை எழுத்தைச் செயலி ஏற்காவிட்டால் மட்டும் அப்பா பெயரை எழுதி, அந்த முழுப்பெயர் உள்ள வேறொரு அட்டையை, கடவுச்சீட்டோ பான் அட்டையோ, கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது பணம் செலுத்தும் வழி. நான் கோட்டைவிட்டது இங்கேதான். 2020 அக்டோபர் முதல், புதிதாக வழங்கப்படும் வங்கி அட்டைகளில் இணையவழிப் பரிவர்த்தனை தொடக்கத்தில் முடக்கப்பட்டே இருக்கும். வாடிக்கையாளர்தான் அதைத் திறந்துகொள்ள வேண்டும். என் அட்டை புதுப்பிக்கப்பட்டு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கடைகளில் தேய்த்தபோது வேலை செய்ததால் எனக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை. வங்கிச் செயலியில் இணையவழிப் பயன்பாடு திறந்திருக்கிறதா, ஒரு நாளின் உச்சவரம்பு டிக்கெட் விலையைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்து, நூறு ரூபாய்க்கு ஏதாவது ஒன்றை வாங்கிச் சோதித்துவிடுங்கள். யுபிஐ மூலம் செலுத்துவதாக இருந்தால், அந்த வாரத்தில் கைபேசியை மாற்ற வேண்டாம். புதிதாகப் பதிந்த முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் வரம்பு குறுக்கே வந்து நிற்கும்.

3. விற்பனை நாள்

எந்த வகை டிக்கெட் வேண்டும் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். பக்கம் திறந்த பிறகு யோசிப்பதற்கு நேரம் கிடைக்காது. மேடைக்கு மிக அருகில் நிற்கும் பகுதி, பொதுவான நிற்கும் பகுதி, இருக்கைப் பகுதி என்று மூன்று விதமாக இருக்கும். விலை கூடினால் இசை நன்றாகக் கேட்கும் என்று எண்ண வேண்டாம். ஒலி மிகச் சீராகக் கேட்கும் இடம், ஒலிப் பொறியாளர் தம் கருவிகளோடு உட்கார்ந்திருக்கும் கூடாரத்தின் பக்கம். அது பெரும்பாலும் பொதுப் பகுதியின் நடுவிலோ அதன் முன்விளிம்பிலோ அமைந்திருக்கும். உயரம் குறைந்தவர்களும் முழங்கால் வலி உள்ளவர்களும் இருக்கைப் பகுதியை எடுப்பதே அறிவு. நான் ஐந்தடி நான்கங்குலம். பொதுப் பகுதியில் நின்று முதல் முக்கால் மணி நேரம் முன்னால் நின்றவரின் தோள்பையைத்தான் பார்த்தேன்.

விற்பனை தொடங்குவதற்குச் சற்று முன்பே காத்திருப்புப் பக்கம் திறக்கும். அதில் நுழைந்தவர்களுக்கு விற்பனை தொடங்கும் கணத்தில் வரிசை எண் கொடுக்கப்படும். பல தளங்களில் இந்த எண் குலுக்கல் முறையில் விழுவதால், விடியற்காலையிலேயே போய் உட்கார்ந்திருப்பதால் பெரிய பயன் இல்லை. ஆனால், தொடங்கிய பிறகு நுழைந்தால் கடைசியில்தான் போய் நிற்க வேண்டும். எண் வந்த பிறகு பக்கத்தைப் புதுப்பிக்கவே கூடாது. ஒரே கணக்கை மூன்று கைபேசிகளில் திறந்து வைப்பதும் ஆபத்து. பல தளங்கள் அப்படிச் செய்தால் எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடும். வீட்டில் நால்வர் இருந்தால் நால்வரும் தத்தம் கணக்கில் காத்திருக்கலாம்.

என் திரையில் எண் நாற்பதாயிரத்துச் சொச்சத்தில் தொடங்கி, ஒரு மணி நேரத்தில் முந்நூறுக்கு இறங்கியது. அம்மா இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டார். ஒற்றை இலக்கம் வந்து, பகுதியைத் தேர்ந்தெடுத்து, அட்டை எண்ணைப் பதிந்து அழுத்தினால் "உங்கள் வங்கி இந்தப் பரிவர்த்தனையை அனுமதிக்கவில்லை" என்று வந்தது. டிக்கெட் நம் பெயரில் நிறுத்தி வைக்கப்படுவது சில நிமிடங்களுக்கு மட்டும்தான். நான் வங்கிச் செயலியின் கடவுச்சொல்லை நினைவுபடுத்திக்கொள்வதற்குள் அந்த நிமிடங்கள் கரைந்துவிட்டன.

விலையைப் பொறுத்தவரை, முதற்பக்கத்தில் காட்டும் தொகை முழுத்தொகை அல்ல. வசதிக் கட்டணமும் ஜிஎஸ்டியும் கடைசிப் பக்கத்தில் சேரும். 5,000 ரூபாய் டிக்கெட் என்றால் 6,000 வரை போகும் என்று வைத்துக்கொண்டு கணக்கில் பணம் வைத்திருங்கள். சில நிகழ்ச்சிகளில் குறிப்பிட்ட ஒரு வங்கியின் அட்டைதாரர்களுக்கு ஓரிரு நாள் முன்பாகவே விற்பனை திறக்கப்படும். அந்த வங்கியின் அட்டை வீட்டில் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆனால், டிக்கெட் வாங்கிய அட்டையை வாசலில் காட்டச் சொல்வார்களா என்ற நிபந்தனையையும் சேர்த்துப் படியுங்கள்.

4. கிடைக்கவில்லை என்றால் உடனே செய்யக் கூடாதது

விற்றுத் தீர்ந்துவிட்டது என்ற அறிவிப்பைக் கண்டதும் மனம் பதறும். அந்தப் பதற்றத்தை நம்பித்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். ஒரு செய்திக் குழுவில் அறிமுகமான நபர், இரண்டு டிக்கெட் உபரியாக இருப்பதாகச் சொல்லி, டிக்கெட்டின் படத்தையும் அனுப்பினார். முன்பணமாக 3,000 ரூபாய் அனுப்பினேன். அத்தோடு அந்த எண் அணைந்துவிட்டது. அவர் அனுப்பிய படம் உண்மையானதாகவே இருந்திருந்தாலும் பயன் இல்லை. டிக்கெட்டில் உள்ள ஒரே க்யூஆர் குறியீட்டைப் பத்துப் பேருக்கு விற்க முடியும். வாசலில் முதலில் காட்டுபவர் உள்ளே போவார், மற்ற ஒன்பது பேர் வெளியில் நிற்க வேண்டியதுதான். இப்படிப் பணம் போனால் சற்றும் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை இடையிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. நான் வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள்தான் அழைத்தேன்.

பொறுத்திருந்தால் வழி திறப்பதும் உண்டு. கோல்ட்பிளே டிக்கெட் விற்பனை 2024 செப்டம்பர் 22 அன்று நடந்தது. குறைந்த விலை 2,500 ரூபாய், ஒருவருக்கு நான்கு டிக்கெட் என்ற வரம்பு. ஜனவரி 18, 19 ஆகிய இரு நாட்களுக்கும் தீர்ந்துபோனதும், அன்றே 21ஆம் தேதிக்கு மூன்றாவது நிகழ்ச்சியை அறிவித்தார்கள். பிறகு அகமதாபாத் நரேந்திர மோடி மைதானத்தில் 25, 26 தேதிகளும் சேர்ந்தன. முதல் நாளிலேயே தரகரிடம் பல மடங்கு கொடுத்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மேலும், பணம் செலுத்தப்படாமல் நின்றுபோன டிக்கெட்டுகள் மீண்டும் விற்பனைக்கு வருகின்றன. நான் எனக்கான டிக்கெட்டை இப்படித்தான், நான்கு நாள் கழித்து, இரவு பதினொன்றரை மணிக்குச் செயலியைத் திறந்தபோது பிடித்தேன்.

5. ரயில்: அறுபது நாள் கணக்கு

கச்சேரி டிக்கெட்டைப் பெரும்பாலும் திருப்பிக் கொடுக்க முடியாது. தட்கல் அல்லாத ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே ரத்து செய்தால் சிறு தொகைதான் பிடிப்பார்கள். ஆகவே, முன்பதிவு திறக்கும் நாள் கச்சேரி விற்பனைக்கு முன்பாக வந்தால், டிக்கெட் கிடைக்குமா என்று காத்திராமல் ரயிலைப் பதிவு செய்துவிடுங்கள். என்னைப் போலக் கச்சேரி டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்போர் பட்டியலில் நூற்றுப் பதினெட்டாவது ஆளாக நிற்பதைவிட, ரயில் டிக்கெட்டை ரத்து செய்து இருநூறு ரூபாய் இழப்பது மேல்.

2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டுவிட்டது. பயண நாள் இதில் சேராது. மே 15 அன்று புறப்பட வேண்டுமென்றால் மார்ச் 16 காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். மே 19 அன்று திரும்ப வேண்டுமென்றால் அதற்கு மார்ச் 20. இந்த இரண்டு தேதிகளையும் தனித்தனியாக நாட்காட்டியில் குறித்து வையுங்கள். போக எடுத்துவிட்டு வர மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. கோடை விடுமுறையில் மும்பையிலிருந்து நம் ஊருக்கு வரும் வண்டியில் இடம் கிடைப்பது கச்சேரியில் இடம் கிடைப்பதைவிடக் கடினம். வண்டி வாரத்தின் எல்லா நாளும் ஓடுவதில்லை என்பதால் எந்தெந்தக் கிழமை என்று முதலில் பாருங்கள். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முடித்திருக்க வேண்டும். அது இல்லாமல் திறக்கும் நேரத்திலும் தட்கலிலும் பதிவு செய்ய இயலாது. தட்கல் முதல் நாள் காலை, குளிர்சாதன வகுப்புக்குப் பத்து மணி, மற்றவற்றுக்குப் பதினொன்று. உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு காசும் திரும்பாது.

மும்பைக்குக் கச்சேரி நாளன்று காலையில் போய்ச் சேரும் வண்டியை எடுக்காதீர்கள். ஒன்றரை நாள் ஓடும் வண்டி நான்கு மணி நேரம் தாமதமாவது புதிதல்ல. முதல் நாளே சேர்ந்துவிடுங்கள்.

நேரம் இல்லாதவர்கள் வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து சென்னை அல்லது பெங்களூர் போய் மாறலாம். மும்பைக்கு நேராகப் போக வேண்டுமென்றால் திருவனந்தபுரமோ மதுரையோ போக வேண்டும். விமானத்துக்கு ஒரு எச்சரிக்கை: கச்சேரி நிற்கவும் கூடும். 2011 அக்டோபர் 28 அன்று டெல்லியை அடுத்த குர்கானில் மெட்டாலிகா குழு வாசிக்கவிருந்தது. ரசிகர்கள் மைதானத்தில் கூடிய பிறகு நிகழ்ச்சி நிறுத்தப்பட்டு, கடைசியில் ரத்தே ஆகிவிட்டது. 30ஆம் தேதி பெங்களூர் அரண்மனை மைதானத்தில் மட்டும் வாசித்தார்கள். அப்படி நேர்ந்தால் டிக்கெட் பணம் திரும்ப வரும்; பயணச் செலவுக்கு எவரும் பொறுப்பில்லை. ரத்து செய்ய முடியாத மலிவு விமான டிக்கெட்டைவிட, ரத்து செய்யக்கூடிய ரயில் டிக்கெட்டை நான் விரும்புவதற்கு இதுவே காரணம்.

6. தங்குமிடம்

மும்பையைப் பொறுத்தவரை நெல்லைக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. தாராவியில் ஒரு உறவினராவது இல்லாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. கூச்சப்படாமல் கேளுங்கள். அங்கிருந்து மாகிம் நிலையத்துக்கு நடந்துபோய், மேற்கு வழித்தடத்தில் மெதுவண்டியில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் மகாலட்சுமி. கட்டணம் பத்து ரூபாய்க்குள். விரைவுவண்டி அங்கே நிற்காது. நான் தங்கியது சித்தி வீட்டில். ஒரு கிலோ அல்வாவைக் கையில் கொடுத்தேன். "ஏல, பாட்டு கேக்கதுக்கா இவ்வளவு தூரம் வந்தே?" என்று கேட்டாலும், இரவு எத்தனை மணிக்கு வருவேன் என்று கேட்டுக் கதவைத் திறந்துவிட ஆள் ஏற்பாடு செய்தார்.

விடுதி என்றால், மைதானத்துக்கு அருகில் தேடாமல், அதே ரயில் வழித்தடத்தில் ஐந்தாறு நிலையம் தள்ளித் தேடுங்கள். கச்சேரி அறிவித்த மறுநாளே மைதானத்தைச் சுற்றி வாடகை ஏறிவிடும். இரவு தாமதமாக வந்தால் கதவு திறப்பார்களா என்பதைத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

7. பையில் என்ன இருக்க வேண்டும்

அசல் ஆதார் அட்டை. முழுப்பெயர் உள்ள இன்னொரு அடையாள அட்டை. பணம் செலுத்திய வங்கி அட்டை. டிக்கெட்டின் அச்சுப் பிரதி ஒன்று. வேறொருவர் பெயரில் பதிந்த டிக்கெட்டை நீங்கள் கவுன்டரில் வாங்குவதாக இருந்தால், அவர் கையொப்பமிட்ட கடிதமும் அவருடைய அடையாள அட்டையின் நகலும் வேண்டும். பள்ளி மாணவர்களை அழைத்துச் செல்வதாக இருந்தால் வயது வரம்பைப் படியுங்கள்; அது நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். தினமும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரின் சீட்டையும் கூடவே வைத்திருங்கள்.

கூடாதவை: தண்ணீர் பாட்டில், குடை, வெளியுணவு, தீப்பெட்டி, வாசனைத் திரவியம், லென்ஸ் மாற்றும் கேமரா, பெரிய பை. பவர் பேங்கையும் பல இடங்களில் விடுவதில்லை. நான் நின்ற வரிசையின் முடிவில், இடுப்பளவு உயரத்தில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் டிரம் இருந்தது. அதனுள் கைப்பேசி மின்கலங்கள், பாதி குடித்த பாட்டில்கள், சீப்புகள், ஒரு எவர்சில்வர் டிபன் பெட்டி கூட. என் பவர் பேங்க் அதன் மேல் டொக்கென்று விழுந்தது. விலை 1,400 ரூபாய். திருப்பித் தரும் வழக்கம் இல்லை. எனவே, கைபேசியை நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு, டிக்கெட் குறியீட்டை இணையம் இல்லாமலும் திறக்கும்படி சேமித்து வையுங்கள். பல்லாயிரம் பேர் கூடும் இடத்தில் இணையம் நகராது. குறியீடு நேரத்துக்கு நேரம் மாறும் வகை என்றால், சேமித்த படம் செல்லாது; அதைச் செயலியில்தான் திறக்க வேண்டும் என்பதால் வரிசையில் சேரும் முன்பே திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பஞ்சு காது அடைப்பானை நம் வண்ணார்பேட்டையிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், 100 டெசிபல் என்றால் பதினைந்து நிமிடத்துக்கு மேல் காதுக்குக் கேடு என்றும் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வரையறுத்திருக்கிறது. ராக் கச்சேரியில் ஒலி 100ஐத் தாண்டுவது சாதாரணம். அடைப்பான் போட்டாலும் பாட்டு கேட்கும். சொல்லப்போனால் பாடகரின் சொற்கள் அப்போதுதான் தெளிவாகின்றன.

8. வாசல் முதல் மேடை வரை

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் வாசல் திறக்கும் நேரம். முக்கியக் குழு மேடையேற அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் கூட ஆகலாம். இடையில் வேறு குழு வாசிக்கும். முன்வரிசை வேண்டாதவர்கள் வாசல் திறந்து ஒரு மணி நேரம் கழித்துப் போனால் வரிசை குறைந்திருக்கும். மே மாத மும்பையில் மாலை ஐந்து மணிப் புழுக்கத்தில் வரிசையில் நிற்பது நம் அக்னி நட்சத்திரத்தைவிடக் கொடுமை. சட்டை உடம்போடு ஒட்டிவிடும்.

உள்ளே ரொக்கம் செல்லாத இடங்கள் உண்டு. கைப்பட்டையில் பணம் ஏற்றி, அதைத் தட்டித்தான் உணவு வாங்க வேண்டும். ஐந்நூறு ரூபாய்க்கு மேல் ஏற்றாதீர்கள். இலவசக் குடிநீர் எங்கே என்று நுழைந்ததும் கேட்டுக்கொள்ளுங்கள். காகிதக் குவளையில் தருவார்கள். வயிற்றை வெளியிலேயே நிரப்பிக்கொண்டு போவது நல்லது. உள்ளே நான் வாங்கிய ஒரு தட்டு சோற்றின் விலையில் பாளை பஸ் ஸ்டாண்டில் நான்கு பேர் சாப்பிடலாம்.

ஆனித் தேரோட்டத்தில் ரதவீதியில் நின்று பழகியவர்களுக்குக் கூட்டம் புதிதல்ல. ஆனால், தேரோட்டத்தில் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். இங்கே ஒரே திசையில் நெருக்கும். மேடையின் நேர் நடுவைத் தவிர்த்து ஓரமாக நில்லுங்கள். தண்ணீருக்கும் கழிவறைக்கும் போய்வர அதுவே வசதி. சேர்ந்து வந்தவர்களோடு, பிரிந்துபோனால் எந்தத் தூணடியில் சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்; கைபேசி அழைப்பு போகாது.

9. திரும்பும் இரவு

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு சிறப்பு அனுமதி தரும் சில நாட்கள் விதிவிலக்கு. ஆகவே, பெரும்பாலான கச்சேரிகள் பத்து மணியை ஒட்டி முடிந்துவிடும். ஆனால், பத்து மணிக்கு முடிந்தது என்றால் நீங்கள் பதினொன்றரைக்கு நிலையத்தில் இருப்பீர்கள். அன்றிரவே ஊருக்கு ரயில் ஏறுவது என்ற திட்டத்தை அடியோடு விட்டுவிடுங்கள். வாடகைக் கார்ச் செயலிகளில் அந்த நேரத்தில் கட்டணம் வெகுவாக ஏறியிருக்கும். காரும் மைதானத்தை நெருங்காது. மும்பையில் மின்ரயில் நள்ளிரவைத் தாண்டியும் சிறிது நேரம் ஓடுகிறது என்பதால், மாலையில் போகும்போதே ரிட்டர்ன் டிக்கெட்டாக எடுத்து வைத்துக்கொண்டால் நிலைய வரிசையில் நிற்க வேண்டாம். பெங்களூரில் கடைசி மெட்ரோ எத்தனை மணிக்கு என்று பார்த்து, அதற்குள் முடியாது என்றால் நடக்கும் தூரத்தில் அறை எடுங்கள்.

10. செலவும் கைப்பட்டைப் பணமும்

மும்பைக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பு ஒரு வழிக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். மூன்றாம் வகுப்பு குளிர்சாதனம் சுமார் 2,000. நான் போகும்போது ஸ்லீப்பரிலும், கால் வீங்கியிருந்ததால் திரும்பும்போது குளிர்சாதனத்திலும் வந்தேன். ரயில் உணவு, உள்ளூர்ப் போக்குவரத்து, மைதானத்துக்குள் சாப்பாடு எல்லாம் சேர்ந்து இன்னொரு 2,500. உறவினர் வீடு இல்லாவிட்டால் மூன்று இரவு வாடகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றோடு, தரகரிடம் போன 3,000, டிரம்மில் விழுந்த 1,400 ஆகியவை என் சொந்த மடமைக்கான கட்டணம். உங்கள் பட்டியலில் அவை வர வேண்டியதில்லை. குழுவின் பெயர் பொறித்த பனியனை மைதானத்துக்குள் விற்பார்கள். அதற்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்கிவிடுங்கள், ஏனென்றால் வாங்க மாட்டேன் என்று சொல்லிப் போனவர்களும் வாங்கித்தான் திரும்புகிறார்கள்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். கைப்பட்டையில் செலவழிக்காமல் மிஞ்சிய பணத்தைத் திரும்பப் பெற ஒரு கெடுத்தேதி உண்டு. பெரும்பாலும் ஓரிரு வாரத்துக்குள் அந்தத் தளத்தில் பட்டையின் எண்ணையும் வங்கிக் கணக்கையும் பதிய வேண்டும். எண் பட்டையின் உட்புறத்தில் மிகச் சிறிய எழுத்தில் இருக்கும் என்பதால், அறுத்து எறிவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஜங்ஷனில் இறங்கியதும் முதல் வேலையாக அதைப் பதிந்தேன். 270 ரூபாய், பதினோராம் நாள் கணக்கில் வந்து சேர்ந்தது.